அம்மாவின் வலி மாத்திரைகள்

9 ஜூன் 2025, திங்கள்

அம்மாவுக்கு 68 வயது. முட்டி தேய்மானம், சர்க்கரை, பிரஷர், போதாததற்குப் பாதத்தில் நரம்பு எரிச்சல். முட்டிக்கு எலும்பு டாக்டர், எரிச்சலுக்கு நரம்பு டாக்டர், பிரஷருக்கு எங்கள் பழைய டாக்டர். சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். வலி தாங்காத நாட்களில் தெருமுனை மெடிக்கலில் வாங்கும் ‘செட்’ தனி. எல்லாம் போய்ச் சேர்வது ஒரே உடம்புக்குள். மொத்தத்தையும் சேர்த்து வைத்து யாரும் பார்த்ததில்லை.

இன்று ராத்திரி மாத்திரை டப்பாவைப் பாயில் கொட்டிப் பிரித்தோம். மெடிக்கல் செட் ஒரு சின்னக் காகித உறையில் இருந்தது. உள்ளே கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள். பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஒரு துண்டில் மட்டும் ‘மெத்தசோன்’ என்று பெயரின் வால் மிச்சம் இருக்கிறது.

11 ஜூன், புதன்

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க அப்பாவின் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. எலும்பு டாக்டர் எழுதியதில் வலி மருந்தான அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், கூடவே பாராசிட்டமால் 325. காலையும் இரவும். அம்மா உடம்பு வலிக்குத் தானாகப் போடும் டோலோவில் பாராசிட்டமால் 650. சளி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் 500. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று நிறம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்கள், மெலிந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும். சளி பிடித்த ஒரு வாரத்தில் தெரியாமலே அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

14 ஜூன், சனி

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பழைய டாக்டரிடம் எடுத்துப் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.4, இருக்க வேண்டியதைவிட அதிகம்.

அவர் பை முழுவதையும் மேசையில் பரப்பினார். முதலில் ஒதுக்கியது அசெக்ளோஃபெனாக். அம்மாவின் பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டனும் நீர் பிரியச் செய்யும் மருந்தும் சேர்ந்து இருக்கின்றன. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயை விரிந்தபடி வைக்க உடம்பே சில பொருட்களைச் சுரக்கிறது. இந்த வகை வலி மாத்திரை அதைத் தடுக்கிறது. டெல்மிசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். கோடை வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ இன்னும் மோசம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியான மருந்துகள்தான். பிரஷரையும் இந்த வலி மாத்திரை ஏற்றும், குடலில் புண் போட்டு ரத்தம் கசிய வைக்கும். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

அப்புறம் அந்த வெட்டுத் துண்டு. “டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ, ரெண்டும் ஸ்டீராய்டுதான், சர்க்கரையை ஏத்திவிடும்” என்றார். சர்க்கரை காரணமே இல்லாமல் ஏறுகிறது என்று தவித்தோமே, அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். செட் போட்டால் மறுநாள் அம்மா மாடிப்படி ஏறுவார். அந்தச் சுகம்தான் மறுபடி வாங்க வைத்திருக்கிறது. எப்போதாவது போட்டதால் அம்மா நிறுத்துவதில் சிக்கல் இல்லை. மாதக்கணக்கில் தினமும் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியும் இதே செட் வாங்குகிறார். இதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நரம்பு எரிச்சலுக்கான பிரகாபலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நரம்பு டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, இரண்டு வேளையை இரவு ஒரு வேளையாக்கினார். இதையும் நாமாக நிறுத்தக் கூடாது.

23 ஜூன், திங்கள்

வலி திரும்பிவிட்டது. “கிட்னி நல்லாயிருக்கட்டும்டி, என் முட்டியை யார் பார்க்கிறது?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வயசானால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மாத்திரையைக் குறைத்ததோடு வேலை முடிந்துவிடாது, வலிக்கு வேறு வழி காட்ட வேண்டும்.

மறுபடி டாக்டரிடம் போய் அதையே கேட்டேன். பாராசிட்டமால் 650 மூன்று வேளை. வேறு எந்தப் பெயரிலும் பாராசிட்டமால் கூடாது. முட்டியில் டைக்ளோஃபெனாக் ஜெல். இதுவும் அசெக்ளோஃபெனாக் வகைதான், ஆனால் தடவும்போது ரத்தத்தில் சேர்வது மாத்திரையைவிட மிகக் குறைவு. தொடைத் தசைக்குப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். டிரமடால் என்ற வீரியமான வலி மருந்து பற்றியும் கேட்டேன். மயக்கம், மலச்சிக்கல், பிரகாபலினோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கத்தில் ராத்திரி விழும் அபாயம். 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கிறது. இப்போது வேண்டாம், தேவைப்பட்டால் குறைந்த அளவில் பார்க்கலாம் என்றார்.

5 ஜூலை, சனி

வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. அம்மா சமையலறையில் ஸ்டூல் போட்டுக் காய் நறுக்குகிறார். பயிற்சியைச் சொல்லாமலே செய்கிறார்.

ஒரு தாளில் எல்லா மருந்தையும் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். கடைப் பெயர், உள்ளே இருக்கும் மருந்து, அளவு, வேளை, எதற்கு, யார் எழுதியது. அடியில் சிவப்பு மையில் கிரியேட்டினின் அளவும், ‘வலி ஊசி, வலி மாத்திரை கேட்காமல் கொடுக்க வேண்டாம்’ என்ற வரியும். தாளின் போட்டோ அம்மாவின் போனிலும் தம்பியின் போனிலும் இருக்கிறது.

17 ஜூலை, வியாழன்

பல் வலி. பல் டாக்டர் கெட்டோரோலாக் எழுதத் தொடங்கினார். அசெக்ளோஃபெனாக் வகைதான் அதுவும். அம்மாவே போனை நீட்டி, “இதைப் பார்த்துட்டு எழுதுங்க தம்பி” என்றார். அவர் படித்துப் பார்த்து அதை அடித்துவிட்டார். ஏற்கெனவே போடும் பாராசிட்டமாலே போதும் என்று சொல்லி, பல்லுக்குள் மருந்து வைத்து அனுப்பினார்.

ஆகஸ்டில் கிரியேட்டினின் மறுபடி பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சனிக்கிழமை எங்கள் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.