பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுவே: கிளியேர் நாட்குறிப்பு

பிப்ரவரி 14

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊரான அன்னெசிக்கு வேலைக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். ஏரிக்கரை முழுக்கக் காதலர் தின ஜோடிகள். எனக்கு இந்தத் தேதி வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. 1944-ல், பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, இதே இரவு, ஊருக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் கிளியேர் பீடபூமியில் 54 இரும்பு உருளைகள் பாராசூட்டில் இறங்கின. பிரிட்டிஷ் விமானங்கள் போட்டவை. உள்ளே துப்பாக்கியும் வெடிமருந்தும்.

வாங்கிக்கொண்டவர்கள் ஜனவரி 31-லிருந்து மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போகமாட்டோம் என்று தலைமறைவான பையன்கள், கலைக்கப்பட்ட 27-ஆவது ஆல்ப்ஸ் படைப்பிரிவின் சிப்பாய்கள், சர்வாதிகாரி பிராங்கோவிடம் நாட்டைத் தோற்றுவிட்டு எல்லை தாண்டி வந்த ஸ்பானியர்கள். கடைசியில் சுமார் 465 பேர். 'மாக்கி' என்று இவர்களைச் சொல்வார்கள். கோர்சிகா தீவின் புதர்க்காட்டுக்கு அதுதான் பெயர். நம்மூரில் 'காட்டுக்குள்ள போயிட்டான்' என்பது மாதிரி.

தலைவர் லெப்டினன்ட் தெயோதோஸ் மோரெல். எல்லோருக்கும் டாம். வயது 28.

மார்ச் 9

பீடபூமிக்குக் கீழே இருக்கும் ஆந்த்ரமோன் வழியாக வந்தேன். காரை ஓரம் கட்டி இரண்டு நிமிடம் நின்றேன். அவ்வளவு சின்ன ஊர்.

கதையின் ஆரம்பம் மருந்து. மாக்கியில் இருந்த மருத்துவ மாணவன் ஒருவன் மருந்து வாங்கக் கீழே இறங்கிப் பிடிபட்டான். மோரெலின் ஆட்கள் பதிலுக்கு, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் துணைக்காவல் படையில் முப்பது பேரைப் பிடித்தார்கள். இவர்களை விடுகிறோம், பையனை விடுங்கள் என்று பேச்சு முடிந்தது. மோரெல் விட்டுவிட்டார். அந்தப் பக்கம் விடவில்லை, கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று.

ஆகவே மார்ச் 9 இரவு ஆந்த்ரமோனில் தங்கியிருந்த படைமீது பாய்ந்தார்கள். ஊர் கைக்கு வந்துவிட்டது. பிடிபட்ட தளபதியிடம் ஆயுதம் பிடுங்கியிருக்க வேண்டும், பிடுங்கவில்லை. இருவருக்கும் வாய்ச்சண்டை முற்ற, அவன் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்து மோரெலின் நெஞ்சில் சுட்டான். அடுத்த கணமே அவனையும் சுட்டுத் தள்ளினார்கள்.

சுட்டவனும் செத்தவனும் பிரெஞ்சுக்காரர்கள். இந்தக் கதையில் ஜெர்மானியர் இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் 11

பழைய நாட்காட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1944 மார்ச் 10 பௌர்ணமி. விமானிக்கு இறக்குமிடம் தெரிய நிலா வேண்டும். அதனால் ஆயுதம் வருவதெல்லாம் நிலாக்காலத்தில்தான். மோரெல் செத்த மறுநாள் இரவு 580 உருளைகள் விழுந்தன. அத்தனை நாள் எந்தச் சரக்குக்காக அந்தப் பனியில் காத்திருந்தாரோ, அது ஒரே ஒரு இரவு பிந்திவிட்டது.

உருளையைத் தூக்க நாலு ஆள் வேண்டும், அதுவும் தரையில். இடுப்பளவு பனியில் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பாராசூட்டைச் சுருட்டி, கயிற்றைக் கட்டி, மாட்டுக்காரர்கள் கோடையில் தங்கும் மரக்குடிசைக்கு இழுத்துப் போக வேண்டும். விடிவதற்குள்ளே. ஸ்டென், பிரென் என்ற பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கிகள், கைக்குண்டு எல்லாம் இருந்தன. பீரங்கிக்குப் பதில் சொல்லக்கூடிய சாமான் ஒன்றும் இல்லை.

மார்ச் 13

மோரெலைப் பீடபூமியிலேயே புதைத்த நாள். 'சுதந்திரமாக வாழ்வோம், இல்லையேல் சாவோம்' என்பது அவர் ஆட்களுக்குக் கொடுத்த வாசகம். முதல் பாதியை எல்லோரும் வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று எனக்கொரு எண்ணம்.

மார்ச் 22

விடுமுறை போட்டுவிட்டு தொரான் பக்கமாக மேலே போனேன். 1,440 மீட்டர். பனிநடைக்கான அகலக் காலணி வாடகைக்கு எடுத்தும், வழியை விட்டு நாலடி தள்ளி வைத்த கால் தொடைவரை போய்விட்டது. எழுந்திருக்கவே மூச்சு வாங்கியது. முதுகில் இருந்தது தண்ணீர் பாட்டிலும் இரண்டு ஆரஞ்சும்தான்.

சிற்பி எமில் ஜிலியோலியின் வெள்ளை நினைவுச்சின்னம் இங்கே நிற்கிறது. 1973-ல் எழுத்தாளர் மால்ரோ திறந்து வைத்தார். ஒரு இறக்கை நீண்டும் மற்றது ஒடிந்தும் இருக்கும். முதலில் பார்த்தபோது பிடிக்கவில்லை. காலில் பனி ஏறியபின் பார்த்தபோது சரி என்று பட்டது.

மார்ச் 26

மோரெலுக்குப் பின் மார்ச் 18-ல் பொறுப்பேற்றவர் கேப்டன் மொரிஸ் ஆன்ஷோ. அவர் கைக்கு வந்ததே முற்றுகை. விஷியின் ஆயுதத் துணைப்படையான மிலிஸ்காரர்கள் மோதிப் பார்த்துப் பின்வாங்கினார்கள். லண்டன் வானொலி இவர்களைத் தூக்கிப் பிடித்தது, விஷியின் வானொலி திருட்டுக் கும்பல் என்று ஏசியது. வானொலியில் பேர் அடிபட்டபின் ரகசியம் ஏது? ஜெர்மானியரின் 157-ஆவது டிவிஷன் மலைப் பீரங்கியோடும் விமானத்தோடும் வந்தது.

26 மாலை மொன்தியெவ்ரே காவல் முனையை உடைத்தார்கள். இரவு பத்து மணிக்கு ஆன்ஷோ கலைந்து போகச் சொல்லி உத்தரவிட்டார். அமாவாசை கழிந்து இரண்டே நாள், கும்மிருட்டு. ஆயுதம் கொண்டுவந்த நிலா இப்போது இல்லாமல் இருந்ததுதான் உதவி.

கடைசி ஆள்வரை நின்று நூற்றுக்கணக்கான ஜெர்மானியரைச் சாய்த்தார்கள் என்று போருக்குப் பிறகு ஒரு கதை வளர்ந்தது. அப்படி இல்லை. ஜெர்மானியர் தரப்பில் சண்டையில் செத்தவர்கள் மிகச் சிலர். அந்தக் கதை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. 450 இளைஞர்களை அங்கேயே சாகவிடாமல் 'போங்கள்' என்று சொன்ன ஆன்ஷோவைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

மார்ச் 27

போனவர்களில் பலர் மலை இறங்கும் பாதையிலேயே மாட்டினார்கள். எல்லாக் கணவாயிலும் ஆள் வைத்திருந்தார்கள். ஆன்ஷோ இதே நாள் நாவ் கிராமத்துப் பக்கம் சுடப்பட்டார், கூட வந்த ஸ்பானியர்களும். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள், சுட்டார்கள், முகாம்களுக்கு அனுப்பினார்கள். அடைக்கலம் கொடுத்த ஊர்க்காரர்களையும் விடவில்லை.

தோன் அருகே மொரெத்தில், அருவிக்குக் கீழே 105 கல்லறைகள். மோரெலும் ஆன்ஷோவும் அங்கேதான். வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் நடுவில் ஸ்பானியப் பெயர்கள் வரும். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் என்னிடம் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. தலையாட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 1

மறுபடி மேலே. 1944-ல் இதே நாள் இதே புல்வெளியில் இன்னொரு முறை ஆயுதம் விழுந்தது. இந்த முறை அமெரிக்க விமானங்கள், பட்டப்பகலில். நிலாவுக்குக் காத்திருக்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்களில் சிலரும் பொறுக்க வந்திருந்தார்கள். ஆகஸ்ட் 19-ல் அன்னெசியிலிருந்த ஜெர்மானியர் சரணடைந்தார்கள்.

மார்ச்சில் நான் தொடைவரை புதைந்த இடம் எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை, எங்கும் மாடுகள், கழுத்துமணிச் சத்தம். பால்பண்ணைக்காரரிடம் ரெப்லோஷோன் பாலாடைக்கட்டி முழு வட்டமாக ஒன்று வாங்கினேன். வீடு வரும்வரை கார் முழுக்க அதன் வாடைதான்.