சிவகாசிப் பை

2025 நவம்பர் 3, திங்கள், தூத்துக்குடி

கப்பல் வேலைக்குப் போகும் இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் பெட்டி கட்டுவது எனக்கு ஒரு கைத்தொழிலாகிவிட்டது. பாய்லர் சூட் இரண்டு, இரும்பு முனைக் காலணி, காது மூடி எல்லாம் பெரிய பெட்டிக்குள். பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற மாலுமிப் பணிப் புத்தகம், சான்றிதழ்க் கோப்பு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கைப்பையில். அந்த அட்டை பிரேசிலுக்குப் போவதற்கு அல்ல, திரும்பி வருவதற்கு. அது இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்கினால் நம் ஊர் சுகாதார அதிகாரிகள் ஆறு நாள் வரை தனியாகப் பிடித்து வைப்பார்கள்.

கருவாடு வைக்கட்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். பிரேசில் சுங்கத்தில் மீன், இறைச்சி என்றால் பெட்டி முழுவதையும் கிளறுவார்கள். கேப்டனுக்கு மக்ரூன் இரண்டு பாக்கெட் போதும். அத்தை கொடுத்தனுப்பிய கொப்பரையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அதன் எண்ணெய்ப் பசைக்குப் பயந்து விமானத்தில் ஏற்றுவதில்லை. கப்பலில் சரக்காக ஏற்றும்போதும் கொப்பரை என்றால் எங்களுக்குப் பயம்தான். தானாகவே சூடேறும் சாதி அது.

இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ். பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் சைன் ஆன், அதாவது கப்பலில் பணி சேர்வது.

நவம்பர் 4, செவ்வாய், சென்னை

என்னோடு ஒரு பையன் வருகிறான் என்று, கப்பலுக்கு ஆள் அனுப்பும் மேனிங் ஆபிஸில் சொல்லியிருந்தார்கள். டிரெய்னி ஓ.எஸ்., அதாவது பயிற்சி மாலுமி. சிவகாசிக்காரன், இருபது வயது. விமான நிலையத்தையே இன்றுதான் பார்க்கிறான். அப்பாவும் அண்ணனும் வாசல்வரை வந்தார்கள். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அவனை மட்டும் உள்ளே விட்ட சி.ஐ.எஸ்.எஃப். வீரரை அந்த அப்பா பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திப் போனார்கள். அதன் பிறகுதான், 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி, ஒவ்வொரு விமான நிலையத்தின் பாதுகாப்பாக இந்தப் படையிடம் வந்தது.

பையனின் முதுகில் ஒரு சிவப்புப் பை. அண்ணனுடையதாம். ஒரு ஜிப்பு பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்தது. பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போட்டிருந்தான். கவுன்ட்டருக்குப் போவதற்கு முன்பே எடுத்துக் கைப்பைக்கு மாற்றச் சொன்னேன். லித்தியம் மின்கலம் சரக்கறையில் எரிந்தால் அணைக்க ஆள் கிடையாது. இருபதாயிரம் மில்லி ஆம்பியர் ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர். நூறு வரை தடையில்லை. நான் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவன் என்னைப் பெரிய ஆளாகப் பார்க்கத் தொடங்கினான். பாவம், இன்னும் இன்ஜின் ரூம் பக்கம் வந்ததில்லை.

அவன் மேடையில் ஏறிக் கையை விரித்து நின்றபோது இடுப்பில் கருவி கத்தியது. வெள்ளி அரைஞாண். வீரர் தொட்டுப் பார்த்துவிட்டு, போ என்று தலையசைத்தார். நம் ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நவம்பர் 5, புதன், அதிகாலை

எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. வளைகுடாவில் ஒன்று.

விமானத்திலிருந்து இறங்கியவர்களை மறுபடியும் சோதனை வரிசையில் நிறுத்தினார்கள். “சென்னையிலேயே பார்த்துவிட்டார்களே சார்?” என்றான் பையன். சென்னையில் பார்த்ததை இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாட்டின் சோதனையை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள ஒப்பந்தம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் அது உண்டு. நமக்கு ஒவ்வொரு வாசலிலும் புதிய பிறவிதான். சென்னையில் சோதனை முடிந்த பிறகு கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் இங்கே குப்பைத்தொட்டிக்குப் போனது. 2006 ஆகஸ்டில் லண்டனில் பானப் பாட்டில்களில் திரவ வெடியை மறைத்து விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டவர்களைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து நூறு மில்லிக்கு மேல் தண்ணீருக்கும் மன்னிப்பில்லை.

அரைஞாண் இங்கேயும் கத்தியது. சட்டையைத் தூக்கிக் காட்டினான். அதோடு முடிந்திருக்கலாம்.

ஒருவர் அந்தச் சிவப்புப் பையை ஓரமாக எடுத்து வைத்தார். சிறு துணிப்பட்டையால் கைப்பிடி, ஜிப்பு, அடிப்பாகம் என்று துடைத்துக் கருவியில் செருகினார். பட்டையைச் சூடாக்கி, ஆவியாகி வரும் பொருளுக்கு மின்னேற்றம் கொடுத்து, அது ஒரு குழாயைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். வெடிபொருளுக்கென்று ஒரு நேரம் உண்டு. நான் எத்தனையோ முறை துடைபட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பச்சைதான். இன்று திரை சிவந்தது.

இன்னொரு பட்டை. மறுபடியும் சிவப்பு.

மேலதிகாரி வந்தார். இந்தப் பை எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையனுக்கு உதடு உலர்ந்துவிட்டது. ஆனாலும் பதில் சொன்னான். அண்ணன் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் பிரிவில் இருக்கிறான். சிவகாசியில் ‘மருந்து’ என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அவன் அதை ஆங்கிலத்தில் நோய்க்குக் கொடுக்கும் மருந்தாக்கிவிட்டான். அதிகாரி மருத்துவர் சீட்டைக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மாறியது. பையன் என் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி” என்றான். அதுவரை சார்தான்.

சொல்லக்கூடாத சொற்களை நாக்கில் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினேன். வெடி என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. தீபாவளி, வாணவேடிக்கை, அவர்கள் ஊரே அந்தத் தொழிலில் இருக்கிறது, இரண்டு வாரம் முன்புதான் பண்டிகை முடிந்தது, அண்ணன் இந்தப் பையில் உறவினர்களுக்குப் பட்டாசுப் பெட்டி கொண்டுபோனான். கப்பலில் சேரும் கடிதத்தையும் இருவரின் சி.டி.சி.யையும் மேசையில் விரித்தேன். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட், அது இதுபோன்ற கருவியில் தெரியக்கூடும் என்று ஒரு வரி சேர்த்தேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது: இரண்டு சட்டை, திருநீற்றுப் பொட்டலம், சார்ஜர், அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு. எல்லாவற்றையும் துடைத்தார்கள். எல்லாம் பச்சை. பையின் அடித் தையல் மட்டும் ஒவ்வொரு முறையும் சிவப்பு. இதற்குள் ஐம்பது நிமிடம் போய்விட்டது.

விமானம் போய்விடுமோ என்று அவன் கேட்டான். பெட்டியை இறக்காமல் போகாது என்றேன். 1985 ஜூனில் வான்கூவரில் போட்ட ஒரு பெட்டி டொராண்டோவில் ஏர் இந்தியாவின் கனிஷ்காவுக்கு மாறி ஏறியது. பெட்டிக்குரியவர் ஏறவில்லை. அயர்லாந்துக் கடலோரம் 329 பேர் இறந்தார்கள். ஆள் வராவிட்டால் பெட்டியும் போகக் கூடாது என்பதை இன்று இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதற்கு அந்தப் பெட்டி ஒரு காரணம். இதை ஏன் அந்த நேரத்தில் அவனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மேலதிகாரி எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைத் தள்ளிவிட்டார். மன்னிப்பும் இல்லை, அதட்டலும் இல்லை. வேலையைச் செய்தார் என்றே தோன்றியது. ஆனால் பையனிடம் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று யாராவது கேட்டிருக்கலாம்.

கழிவறைக்குப் போனவன் வரவில்லையே என்று தேடிப் போனால், பையைக் கவிழ்த்து வாஷ்பேசினில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன். சோப்பில் கிளிசரின் இருக்கும். கிளிசரினைப் பார்த்தும் சில நேரம் அந்தக் கருவி கத்தும். கை உலர்த்தியின் கீழே பையைப் பிடித்தபடி இருவரும் நின்றோம். பக்கத்தில் ஒரு பெரியவர் தொழுகைக்குக் கால் கழுவிவிட்டு எங்களை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

அதே நாள், மாலை, சாவ் பாலோ

பதினைந்து மணி நேரம் பறந்தும் தேதி மாறவில்லை. கடிகாரம் நம் ஊரைவிட எட்டரை மணி நேரம் பின்னால். குவாருலோஸ் நிலையத்தில் முத்திரை விழுந்தது, மக்ரூன் தப்பியது. கப்பல் பெயர் எழுதிய அட்டையோடு ஏஜென்டின் டிரைவர் நின்றார். மலைச் சரிவில் சுரங்கம் சுரங்கமாக இறங்கி சான்டோஸ். பையன் ஈரப் பையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கினான்.

நவம்பர் 7, வெள்ளி, சான்டோஸ்

கப்பல் நேற்றுத்தான் துறையில் கட்டியது. சர்க்கரை ஏற்றுகிறார்கள். துறைமுக வாசலில் ஒரு சோதனை, கப்பலுக்கு ஏறும் படியான கேங்வேயின் உச்சியில் இன்னொன்று. 2004 ஜூலை 1 முதல் கப்பல்களுக்கும் இந்தப் பாதுகாப்பு விதி உண்டு. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அடையாள அட்டை, பதிவேட்டில் பெயர், பை சோதனை. அந்தச் சிவப்புப் பையைக் காவலில் இருந்த ஏ.பி. என்கிற மூத்த மாலுமி கையை விட்டுத் துழாவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நவம்பர் 8, சனி

ஏஜென்டின் வேனில் பம்ப்பின் உதிரிபாகம் வந்திருந்தது. நானே இறங்கிப் போய்ப் பெட்டியை வாங்கித் தோளில் சுமந்து ஏறினேன். மேலே ஆரஞ்சு நிற மேலங்கியும் வாக்கி டாக்கியுமாக நம் சிவகாசிக்காரன். முதல் கேங்வே வாட்ச்.

“அட்டை, சார்.”

கொடுத்தேன். படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பதிவேட்டில் நேரம் எழுதினான்.

“பெட்டியைத் திறங்கள், சார்.”

“பம்ப் சீல்தான், தம்பி.”

“திறங்கள், சார்.”