டிஆர்ஓ போடுவதற்கு முன் போன் கான்ட்ராக்டை என்ன செய்வது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிஆர்ஓ எனப்படும் கடன் நிவாரண ஆணைக்கு (கட்ட முடியாத கடன்களை 12 மாதம் நிறுத்திவைத்துப் பிறகு தள்ளுபடி செய்வது) விண்ணப்பிப்பவர்கள் வாடகைப் பாக்கி, கவுன்சில் டாக்ஸ், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் எழுதுவார்கள். போன் மட்டும் விட்டுப்போகும். மாதாமாதம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம், அது எப்படிக் கடனாகும் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் கான்ட்ராக்டில் இன்னும் மாதங்கள் மீதமிருந்தால் அதற்குள் ஒரு கடன் இருக்கலாம். அதை எந்தக் கட்டத்தில் வெளியே எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் இப்போது இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரித்துத்தான் போடுகின்றன: பேச்சும் டேட்டாவும் ஒன்று, போன் வாங்கிய தவணை இன்னொன்று. தவணைப் பகுதி 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்துக்குள் வரும் கடன். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் அது கடன்தான், விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். "இது வேண்டும், அது வேண்டாம்" என்று பொறுக்கி எடுக்க டிஆர்ஓவில் இடமில்லை. வெறும் சிம் மட்டும், பாக்கியும் இல்லை என்றால் அது செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவே. அதைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து, உண்மையான தொகை. போனிலிருந்து ஐ, என், எஃப், ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை 85075க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இப்போது விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற விவரம் பதிலாக வரும். இதனால் எதுவும் ரத்தாகாது, யாரும் கூப்பிட்டு "ஏன் போகிறீர்கள்" என்று கேட்கவும் மாட்டார்கள். உதாரணத்துக்கு, 24 மாதக் கான்ட்ராக்டில் 9 மாதம் மீதி, தவணை மாதம் 27 பவுண்டு என்றால் போனுக்கு மட்டும் 243 பவுண்டு. அதற்கு மேல் சேவை ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறிக்கும் கட்டணம். ஒரே கம்பெனி என்றாலும் இரண்டு கணக்கு எண்கள் இருக்கலாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பரைக் காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம். போன் போனால் பழையது ஒன்று கிடைக்கும். நம்பர் போனால் பேங்க் ஓடிபி, யுனிவர்சல் கிரெடிட் கணக்கு, டாக்டர் சந்திப்பு எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகும். தவணைக் கடனை டிஆர்ஓ பட்டியலில் பார்த்ததும் கம்பெனி சேவையை நிறுத்திவிடக்கூடும், கணக்கை மூடிய பிறகு நம்பரை மீட்பது பெரும்பாடு. ஆகவே இணைப்பு உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். முன்பணம் கட்டும் சிம் ஒன்று வாங்குங்கள், அதற்குக் கிரெடிட் செக் கிடையாது. 30 நாள் சிம் என்று விற்பவற்றில் சிலவற்றுக்கு உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள். பிறகு பழைய சிம்மிலிருந்து பி, ஏ, சி என்று 65075க்கு அனுப்பினால் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற உதவும் குறியீடு (கோடு) ஒரு நிமிடத்துக்குள் வரும், 30 நாள் செல்லும். அதைப் புதிய கம்பெனியிடம் கொடுத்தால் ஒரு வேலை நாளில் நம்பர் மாறிவிடும். பாக்கிக்காக வெளிச்செல்லும் எஸ்எம்எஸ்ஸை ஏற்கெனவே முடக்கியிருந்தால், ஆன்லைன் கணக்கிலோ கூப்பிட்டோ கேட்க வேண்டும்.

இதில் 75075 என்று இன்னொரு எண் உண்டு. அது நம்பரே வேண்டாம் என்று விலகுபவர்களுக்கானது, அவசரத்தில் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றத்தைத் தொடங்குவதும் நல்லதல்ல. நடுவில் சிக்கினால் திங்கள் வரை இழுக்கும். மாறும் நாளில் அழைப்பு வந்த பிறகும் எஸ்எம்எஸ் வரச் சில மணி நேரம் பிந்தலாம், அந்த நேரத்தில் பேங்க் ஆப்பில் புதிதாக நுழைய முயலாமல் இருப்பது புத்திசாலித்தனம். 2021 டிசம்பருக்குப் பிறகு பிரிட்டனில் கம்பெனிகள் விற்கும் போன்களில் நெட்வொர்க் பூட்டு இருக்கக் கூடாது. அதற்கு முந்திய போன் என்றால் பூட்டைத் திறந்து வாங்குவதை முதலில் முடியுங்கள்.

கோடைக் கொடுத்து நம்பர் மாறியதும் பழைய சேவை ஒப்பந்தம் தானாக முறிந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். கடைசி பில் முறிப்புக் கட்டணத்தோடு வரும், டைரக்ட் டெபிட் அப்படியே கிடந்தால் முழுத் தொகையும் வாடகைக்கு வைத்திருந்த காசிலிருந்து ஒரே இழுப்பில் போய்விடும். நம்பர் மாறியது உறுதியான அன்றே பேங்கில் டைரக்ட் டெபிட்டை நிறுத்துங்கள். பேங்கிடமும் ஓவர்டிராஃப்ட் கடன் இருந்தால், கடனில்லாத வேறொரு பேங்கில் அடிப்படைக் கணக்கு திறந்து சம்பளத்தை அங்கே மாற்றியிருக்க வேண்டும். போனின் தவணை ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள்: சேவையை விட்டதும் மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்று சிலவற்றில் இருக்கும், மாதாமாதமே தொடரலாம் என்று வேறு சிலவற்றில் இருக்கும்.

அந்தக் கடைசி பில் கைக்கு வரும்வரை விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். டிஆர்ஓவுக்குள் வருவது தொகை நிர்ணயமான கடன் மட்டும்தான். "நாளை முறித்தால் வரக்கூடிய கட்டணம்" அப்படிப்பட்டதல்ல. ஆணை வந்த பிறகு கான்ட்ராக்டை முறித்தால் அந்தக் கட்டணம் புதுக்கடனாகி உங்கள் தலையில்தான் விழும். அதைவிட முக்கியம், ஆணை பிறந்த பிறகு விட்டுப்போன கடனைச் சேர்க்கவே முடியாது. திவாலாகும் முறையில் அன்றுவரையிலான கடன்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும், இங்கே எழுதியது மட்டும்தான். கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நாலைந்து வருடத்துக்கு முன் விட்டுவிட்ட போன் கணக்கு வசூல் கம்பெனி ஒன்றின் பெயரில் உட்கார்ந்திருக்கும். பழைய கம்பெனி, இப்போது கடனை வைத்திருப்பவர், இரண்டு கணக்கு எண்கள் என எல்லாவற்றையும் அட்வைசரிடம் கொடுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற இடங்களில் அங்கீகாரம் பெற்ற இடையீட்டாளர்தான் விண்ணப்பத்தை அனுப்ப முடியும், நீங்களே நேரே அனுப்ப முடியாது. முன்பிருந்த 90 பவுண்டு கட்டணம் 2024 ஏப்ரல் 6 முதல் இல்லை.

வரவு செலவுக் கணக்கில் ஒரு விசித்திரமான பொறி இருக்கிறது. கடன் 50,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், மாதச் செலவு போக மிஞ்சுவது 75 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதை மறப்பார்கள். போனுக்கு மாதம் 65 பவுண்டு கட்டி, 40 பவுண்டு மிஞ்சுகிறது என்று வையுங்கள். 12 பவுண்டு சிம்முக்கு மாறியதும் மிச்சம் 93. தகுதி போய்விட்டது! இதற்காகப் பழைய பில்லையே செலவாகக் காட்டுவது பொய்க் கணக்கு, வேண்டாம். பல மாதங்களாகப் பல் டாக்டரிடம் போகாமல், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்காமல் இழுத்தடித்த செலவுகள் இருக்கும். அவை கணக்கில் நியாயமான அளவுக்கு வந்திருக்கின்றனவா என்று அட்வைசரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும்.

நம் வீடுகளில் இன்னொன்று. அம்மாவின் சிம், தம்பியின் சிம், மகளின் சிம் எல்லாம் கிரெடிட் நன்றாக இருந்த காலத்தில் ஒருவர் பெயரிலேயே எடுத்திருப்போம். கணக்கு மூடினால் அத்தனையும் அணைந்துவிடும். ஒவ்வொரு போனிலிருந்தும் தனித்தனியாகக் கோடு வாங்கி, தனித்தனி சிம்முக்கு மாற்றுங்கள். விலையுயர்ந்த போனைத் "தம்பியே வைத்துக்கொள்ளட்டும்" என்று சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் இப்படிக் கைமாற்றியதையும், சொந்தக்காரர் கடனை மட்டும் முந்திக் கட்டியதையும் டிஆர்ஓ விண்ணப்பத்தை முடிவு செய்யும் அரசு அதிகாரியான அஃபீஷியல் ரிசீவர் கேட்பார். கடனில் இருக்கும்போதே புதுப் போன் கான்ட்ராக்ட் எடுத்துவிட்டு உடனே விண்ணப்பிப்பது இன்னும் மோசம். டிஆர்ஓவின் கட்டுப்பாடுகளை நீட்டிக்கும் கட்டுப்பாடு ஆணை வந்தால் அது 2 முதல் 15 ஆண்டுவரை நீளலாம்.

ஆணை வந்ததும் 12 மாதக் காலம் தொடங்கும். பட்டியலில் உள்ளவர்கள் அதற்குள் காசு கேட்டுத் துரத்தக் கூடாது, ஆனாலும் கம்பெனியின் கம்ப்யூட்டர் கடிதங்களை அனுப்பிக்கொண்டேயிருக்கும். ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுதி ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கட்டுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் 500 பவுண்டோ அதற்கு மேலோ கடன் வாங்கும்போது டிஆர்ஓவில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். தவணையில் எடுக்கும் புதுப் போன் எளிதாக அந்த வரம்பைத் தாண்டும். 12 மாதம் முடிந்த பிறகு கிரெடிட் ரிப்போர்ட்டில் போன் கணக்கைத் திறந்து பாருங்கள்: மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும், கட்டத் தவறியதாகப் பதிந்த டிஃபால்ட் தேதி ஆணையின் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. பிந்தியிருந்தால் அந்தப் பதிவு ஆறு ஆண்டைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருக்கும், கம்பெனிக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.