பட்டம் கட்டாத இரண்டு பிள்ளைகள்

பாளையங்கோட்டையில் இருக்கும் என் தாய்மாமா நெடுங்காலமாகப் பழங்காசு சேர்ப்பவர். சென்ற மாதம், ஏலத்தில் எடுத்த ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "முகத்தை அப்புறம் பாக்கலாம், பின்னால பாருடே மருமவனே" என்றார். டெனாரியஸ் என்னும் அக்காசு, அரைப் பவுன் எடைக்குச் சற்றுக் குறைவாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக இருந்தது.

முன்பக்கத்தில் இலைமாலை சூடிய ரோமப் பேரரசர் அகஸ்டஸ். பின்பக்கத்தில் மேலாடை போர்த்திய இரண்டு இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும். தலைக்கு மேலே பூசாரிகளுக்குரிய அகப்பையும் வளைந்த கோலும். பேரரசர் தம் மகள் வயிற்றுப் பேரர்களான கயஸையும் லூசியஸையும் பிள்ளைகளாகத் தத்தெடுத்து, அடுத்த வாரிசுகள் இவர்களே என்று அறிவித்த செய்தி அது. இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கி.மு. 2 முதல் இதை அடித்தார்கள். ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். அரியணை ஏறாத அந்தப் பிள்ளைகள் தமிழகம்வரை வந்து சேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அரியணை திபேரியஸுக்குப் போனது. அவருடைய காசில் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பாள். அவள் அவருடைய தாய் லிவியா என்பார் பலர். இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்களில் இவ்விரு வகைகளே மிகுதி. பின்னால் வந்த பேரரசர் நீரோ, கி.பி. 64இல் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். இலத்தீன் எழுத்தறியாத நம் வணிகர்களுக்கு, இரண்டு பிள்ளைகளும் அமர்ந்த பெண்ணும்தான் நல்ல வெள்ளிக்கு அடையாளமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காசடிக்கும் இடத்தைத் தமிழில் அக்கசாலை என்பார்கள். கொற்கையை ஒட்டி அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அச்சை வைத்துச் சுத்தியலால் கையால் அடித்த காசு என்பதால், மாமாவின் காசில் உருவங்கள் சற்று விலகி விழுந்திருந்தன. இடப்பக்கத்துப் பிள்ளையின் தோள் விளிம்போடு அறுந்திருந்தது. முகம் தேய்ந்து கண்கூடத் தெரியவில்லை. கேடயத்தின் மேல் வைத்த கை மட்டும், விரலால் தடவினால் உணரும் அளவுக்கு, இன்னும் புடைப்பாக இருந்தது.