பாட்டியின் வசையும் மூன்று மாதக் கெடுவும்

சிங்கப்பூரில் நாங்கள் நடத்தும் சின்ன ஒலிபரப்புச் சேவையின் நாடகத்தில் ஒரு பாட்டி, பேரனைப் பார்த்து "கட்டையிலே போறவனே" என்பாள். யாரோ புகார் கொடுத்தார்கள். அந்த வசையைக் கொலை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு, எச்சரிக்கையும் அபராதமும் விதித்து ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. நாங்கள் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்த விளக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தேக்காவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். தமிழ்ப் பெண்தான். நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, அது பாசமா மிரட்டலான்னு நீதிபதி தீர்ப்பு சொல்ல மாட்டார்" என்றார். அரசு அமைப்பின் முடிவை நீதிமன்றம் ஆராயும் நீதித்துறை மறுஆய்வில், முடிவு சரியா என்பது கேள்வியே இல்லையாம். சட்டத்தை மீறினார்களா, நியாயமாக யோசிக்கும் எவரும் எடுக்காத அளவுக்கு முறையற்ற முடிவா, நம்மை நியாயமாகக் கேட்டார்களா என்பவைதான் கேள்விகள். வென்றாலும் முடிவு ரத்தாகும், அவ்வளவே. பெரும்பாலும் அதே அமைப்புதான் மறுபடி முடிவெடுக்கும். அதிகாரத்துக்குச் சட்ட எல்லை உண்டு என்று 1988ல் சிங் சுவான் ட்சே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக்காட்டினார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது.

சரி, உடனே வழக்குப் போடலாமா என்றால், அதுவும் முடியாது. முதலில் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஓர் அறிக்கையும் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். ரத்து கேட்பவருக்குக் கெடு, முடிவு வந்த நாளிலிருந்து 3 மாதம். 2021 நீதிமன்ற விதிகளில் கட்டளை 24 இதைச் சொல்கிறது. கெடு தவறினால் தாமதத்துக்கு நீதிமன்றம் ஏற்கும்படி காரணம் காட்ட வேண்டும். நான் தொலைபேசியில் மன்றாடியே மூன்று வாரத்தை வீணாக்கியிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

மேல்முறையீட்டு வழி இருக்கும்போது அதைத் தாண்டி வந்தால் நீதிமன்றம் விரும்பாது. அதனால் ஒலிபரப்புச் சட்டப்படி முதலில் அமைச்சருக்கு மேல்முறையீடு செய்தோம். வசையின் பொருளுக்கு ஒரு பக்கம், எங்கள் விளக்கம் பதிலில்லாமல் போனதற்கு ஐந்து பக்கம் எழுதினோம். அப்படி எழுதச் சொன்னதும் வழக்கறிஞர்தான். கூடவே பிரமாணப் பத்திர வரைவையும் தயாராக வைத்துக்கொண்டார்.

பதில் வந்தபோது அபராதம் நீங்கியிருந்தது, எச்சரிக்கை நின்றது. இந்தத் தடவை எங்கள் விளக்கத்தைப் பத்தி பத்தியாக எடுத்துப் பதில் சொல்லியிருந்தார்கள். நானும் கூட்டாளிகள் இருவரும் அதை இரண்டு முறை படித்தோம். அப்புறம் வழக்கறிஞரை அழைத்து, நீதிமன்றம் வேண்டாம் என்றோம்.