பின்பக்கச் சுவர்

குன்னூரில் நான் பார்த்த முதல் சைட், சரிவை வெட்டி எடுத்த மனையில் இரண்டு தளக் கட்டடம். மண்ணை வெட்டிய கையோடு பின்பக்கத் தடுப்புச் சுவரை எழுப்பியிருக்க வேண்டும். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளினோம். பேஸ்மென்ட் முடிந்தால் ஒரு பில், ரூஃப் போட்டால் ஒரு பில். சுவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. மாதக் கூட்டத்தில் வேலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டால், காட்டுவதற்கு ரூஃப்தான் வேண்டியிருந்தது. ஒப்பந்ததாரர் அப்படித்தான் விரும்பினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பயம். 2009 நவம்பரில் குன்னூர் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், சுவருக்கான வானத்தை, அதாவது அஸ்திவாரக் குழியை, நவம்பர் முதல் வாரத்தில் தோண்டினோம். அதுவும் துண்டு துண்டாக இல்லை, சரிவின் அடியில் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில்.

அன்று காலை மழை விட்டிருந்தது. நான்கு பேர் குழியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மண்ணின் இடுக்கில் இரண்டு நாளாக ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, தெளிந்த தண்ணீர். மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், தண்ணி கலங்கி வருது பாருங்க. ஆளுங்கள மேல ஏறச் சொல்லுங்க."

"இன்னும் பத்துக் கம்பிதானே அண்ணே?"

"வேணாம் சார். உள்ள மண்ணு கரையுது."

தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. எல்லோரும் ஏறி வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் சரிவு அப்படியே உட்கார்ந்து, குழியையும் கட்டிய கம்பியையும் மூடி, பின் அறையின் ஜன்னல் மட்டம் வரை வந்து நின்றது. அந்தப் பத்துக் கம்பியை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சுவரைத் தள்ளிவைத்ததில் ரூஃப்பை 12 நாள் முன்னதாகப் போட முடிந்தது. மண்ணை அள்ளி, சரிவைச் சாய்த்து வெட்டி, மறுபடி வானம் தோண்ட 41 நாள் ஆனது.

அதற்குப் பிறகு நான் போடும் அட்டவணையில் சுவரும், அதன் தலைக்கு மேல் மழைநீரைத் திருப்பும் வாய்க்காலும்தான் முதல் வரி. அவை முடிந்தால்தான் முதல் பில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். சண்டை வரும், வரட்டும். சென்ட்ரிங் பிரிப்பதிலும் இதே பிடிவாதம்தான். ஸ்லாபின் முட்டைப் பிரிக்க, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்லும் 7 நாள், 14 நாள் கணக்கெல்லாம் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. இங்கே மார்கழி ராத்திரியில் அது எங்கே நிற்கிறது? குளிரில் கான்கிரீட் மெல்லத்தான் இறுகும், நாளைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

அதே மேஸ்திரி இப்போதும் என்னோடுதான் இருக்கிறார். புரட்டாசி முடியும்போது ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு, கட்டி முடித்த சுவர்களில் பின்பக்கத் தண்ணீர் வெளியேற விட்ட நீர்த்துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கிறார். கம்பி தங்குதடையில்லாமல் உள்ளே போய் ஜல்லியில் இடிக்கிற சத்தம் கேட்டால்தான் அடுத்த துளைக்கு நகர்வார்.