குற்றம் மேல்நூலில்

தையல் மெஷினில் தைத்த துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. மேல்பக்கம் பரவாயில்லை.

"பாபின்தான் சரியில்லை சித்தி" என்று அக்கா மகள் அடிநூல் சுற்றிய அந்தச் சின்ன உருளையைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள்.

எல்லாரும் பாவம் பாபினைத்தான் திட்டுவார்கள். அடியில் குவிந்தால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்.

துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்தபடியே நூல் கோத்திருந்தாள். அப்போது மேல்நூலைப் பிடித்து இறுக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுக மூடியிருக்கும். நூல் நடுவில் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடும். பிடிப்பில்லாத நூல் தொளதொளவென்று கீழே இறங்கத்தானே செய்யும்?

ஃபுட்டைத் தூக்கி, முதலிலிருந்து கோத்து, மறுபடி இறக்கி நூலை இழுக்கச் சொன்னேன். இப்போது விரலுக்கே பிடிப்பு தெரிந்தது.

"சரி, ஊசிக் காது ஏன் நுனியில் இருக்கு?" என்றாள்.

நல்ல கேள்வி. காது நுனியில் இருப்பதால் ஊசி முழுசாகத் துணியைக் கடந்து போக வேண்டியதில்லை. கீழே இறங்கி லேசாக மேலேறும்போது நூல் சின்ன வளையமாக விரியும். அடியிலுள்ள கொக்கி அதைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும்.

1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மெஷினிலும் ஊசிக் காது நுனியில்தான். கொக்கிக்குப் பதில் அதில் அடிநூலோடு முன்னும் பின்னும் ஓடும் ஓடம் (ஷட்டில்).